எலும்பு போட்ட எல்லையும் ஊசி காட்டும் ஆசையும்

ஜிம்மில் புதிதாகச் சேரும் இளைஞனுக்கு எடை பார்ப்பார்கள். நெஞ்சு, புஜம், இடுப்பு என்று டேப் வைத்து அளப்பார்கள். மணிக்கட்டை மட்டும் யாரும் அளப்பதில்லை. முதலில் அளக்க வேண்டியது அதைத்தான். மணிக்கட்டில் சதை பிடிக்க இடமில்லை. எலும்பு, அதன்மேல் ஓடும் தசைநாண்கள், தோல், அவ்வளவுதான். பத்து வருடம் டம்பெல் தூக்கினாலும் அதன் சுற்றளவு பெரிதாக மாறாது. ஒருவரின் எலும்புக் கட்டு எவ்வளவு பெரியது, அதன்மேல் இயற்கையாக எவ்வளவு தசை ஏறும் என்பதை வீட்டிலேயே தோராயமாகத் தெரிந்துகொள்ள அதைவிட நேர்மையான அளவு இல்லை.

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று போய்க்கொண்டே இருந்தால், இளைஞர்களின் உடம்பை நம்பியே ஒரு கடைவீதி வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம். காட்டாங்கொளத்தூரில் 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கியதிலிருந்து பொத்தேரி மெல்ல மெல்ல மாணவர்களின் ஊராகிவிட்டது. மாலையில் வகுப்பு முடிந்ததும் ஒரு கூட்டம் ரயில் நிலையத்துப் பக்கம் போகிறது. இன்னொரு கூட்டம் அறையில் பையை வீசிவிட்டு ஜிம்முக்குக் கிளம்புகிறது. மாடியில் ஜிம், கீழே ஜூஸ் கடை, பக்கத்தில் பவுடர் டப்பாக்கள் அடுக்கிய கடை. மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் வந்த பையன்களும், ஆந்திரத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த பையன்களும் ஒரே கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செல்போனில் கரையும் மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம் இரும்போடு கழிவது நல்லதுதான். என் கவலையெல்லாம் மூன்று நான்கு மாதம் கழித்து வரும் ஒரு கேள்வியைப் பற்றியது. “மாஸ்டர், எனக்கு மட்டும் ஏன் கை ஏறவே மாட்டேங்குது?” என்று பையன் கேட்பான். நல்ல மாஸ்டராக இருந்தால், “என்ன சாப்பிடுற தம்பி? ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்குற?” என்று திருப்பிக் கேட்பார். “ஒரு சைக்கிள் போட்டுடு, மூணே மாசம்” என்று பதில் வரும் இடங்களும் இருக்கின்றன. சைக்கிள் என்றால் ஸ்டீராய்டு எனப்படும் ஊக்க ஊசிகளை வாரக்கணக்கு வைத்துப் போட்டுக்கொள்வது.

பையனின் கேள்விக்கு உண்மையான பதிலை யாரும் சொல்லித் தராததால்தான் ஊசிக்கு வழி பிறக்கிறது. அந்தப் பதிலில் இரண்டு பாதி உண்டு. இயற்கையாகத் தசை ஏறுவதற்கு எல்லை இருக்கிறது. அதை எலும்பும் பரம்பரையும் பெருமளவு முன்பே முடிவு செய்துவிட்டன. இது முதல் பாதி. அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்தவர்களே மிகக் குறைவு. மற்ற எல்லோருக்கும் இன்னும் பல கிலோ பாக்கி இருக்கிறது. இது இரண்டாம் பாதி. முதல் பாதியை மட்டும் கேட்டவன் மனம் உடைந்து போகிறான். இரண்டாவதை மட்டும் கேட்டவன் ஏமாறுகிறான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் பெரியவர்களின் கடமை.

உடல்வாகு போடும் கணக்கு

உடல்வாகை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து மணிக்கட்டுச் சுற்றளவால் வகுக்க வேண்டும். ஆண்களுக்கு விடை 10.4-க்கு மேல் வந்தால் சிறிய உடல்வாகு, 9.6-க்கும் 10.4-க்கும் நடுவே வந்தால் நடுத்தரம், 9.6-க்குக் கீழே என்றால் பெரிய உடல்வாகு. 170 செ.மீ. உயரமுள்ள இரண்டு நண்பர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவனுக்கு மணிக்கட்டு 15.5 செ.மீ.; விடை ஏறத்தாழ 11. இன்னொருவனுக்கு 18 செ.மீ.; விடை 9.4. உயரம் ஒன்று, வயது ஒன்று, சாப்பிடும் மெஸ்ஸும் ஒன்று. ஆனாலும் ஐந்து வருடம் ஒன்றாகப் பயிற்சி செய்தபின் இருவரும் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள். பெரிய எலும்புக் கட்டு உள்ளவனுக்குத் தோள் அகலம், விலாக்கூடு ஆழம். தசை படரவும் எடை தாங்கவும் அவன் உடம்பில் இடம் கூடுதல்.

தோளின் அகலத்தைத் தருவது காறை எலும்பு. அதன் நீளத்தை எந்தப் பயிற்சியாலும் கூட்ட முடியாது. கை கால் எலும்புகளின் வளரும் முனைகள் பதின்பருவம் முடிவதற்குள் பெரும்பாலும் மூடிவிடும்; காறை எலும்பின் உள்முனை மட்டும் இருபதுகளின் நடுப்பகுதிவரை காத்திருக்கும். அதன்பிறகு தோள் அகலமாகத் தெரிவதெல்லாம் எலும்பின் மேல் ஏறிய தசையால்தான்.

தசையின் வடிவமும் இப்படித்தான். கையை மடக்கும்போது சிலருக்குப் புஜத்தசை முழங்கை மடிப்புவரை நிறைந்து நிற்கும். சிலருக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி விழும். தசை எங்கே முடிந்து தசைநாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறவியிலேயே அமைந்தது. வயிற்றில் தெரியும் கட்டங்களும் அப்படியே. அவை நான்கா, ஆறா, எட்டா, இருபுறமும் ஒரே வரிசையில் இருக்குமா என்பதைக் குறுக்கே ஓடும் நார்க்கோடுகள் தீர்மானிக்கின்றன. ஆயிரம் முறை வயிற்றுப் பயிற்சி செய்தாலும் நான்கு ஆறாகாது.

ஒரே பயிற்சிக்கு ஒவ்வொரு உடம்பும் வேறுவிதமாகப் பலன் தருகிறது என்பதை 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. 585 பேர் 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் ஒரே மாதிரி பயிற்சி செய்தார்கள். புஜத்தசையின் அளவு சிலருக்குக் கூடவே இல்லை. ஒருசிலருக்கு 59% வரை கூடியது. “நானும் அவனும் ஒண்ணாத்தான் சேர்ந்தோம், அவனுக்கு ஏறிடுச்சு” என்று நொந்துகொள்ளும் பையனுக்கு இதைக் காட்ட வேண்டும். அவன் சோம்பேறி என்பதால் வந்த வித்தியாசம் அல்ல இது.

அப்படியென்றால் இயற்கையான உச்சம் எது? 1995-ல் ஹாரிசன் போப் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 157 விளையாட்டு வீரர்களை அளந்தார்கள். உடல் எடையிலிருந்து கொழுப்பைக் கழித்து, மீதியை மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார்கள். ஸ்டீராய்டு பயன்படுத்தாதவர்களின் எண் 25-ஐ ஒட்டி நின்றுவிட்டது. பயன்படுத்தியவர்களில் பலர் அதைத் தாண்டிப் போனார்கள். இந்த 25 கல்லில் வெட்டிய எல்லை அல்ல; அரிதாகச் சிலர் ஊசி இல்லாமலும் தாண்டலாம். ஆனால் இதைத் தொடுவதற்கே நல்ல பரம்பரை, பெரிய எலும்புக் கட்டு, பல ஆண்டு உழைப்பு மூன்றும் கூடிவர வேண்டும்.

பொத்தேரியில் முதலாண்டு படிக்கும் ஒரு பையனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயரம் 170 செ.மீ., எடை 55 கிலோ, கொழுப்பு 15% என்றால், கொழுப்பைக் கழித்த எடை சுமார் 47 கிலோ. எண் 16-ஐ ஒட்டி வரும். மணிக்கட்டு மெலிந்த அவன் 25-ஐக் கனவு காண வேண்டியதில்லை. 20-லிருந்து 22 வரை போவது நடக்கக்கூடியது. அப்போது கொழுப்பு நீங்கிய எடை 58-லிருந்து 64 கிலோவாக இருக்கும். அதே கொழுப்பு விகிதத்தில் மொத்த எடை 68-லிருந்து 75 கிலோ. இன்று ‘ஓமக்குச்சி’ என்று கேலி கேட்கும் பையன் ஊசி ஏதும் இல்லாமல் பதிமூன்று கிலோவுக்கு மேல் எடை ஏற்றி, சட்டையைத் தோளில் நிறைக்க முடியும். அதற்கு நான்கைந்து வருடம் ஆகும். அவன் படிப்பு முடியும் காலமும் அதுதான்.

மெலிந்தும் கொழுத்த உடம்பு

நம்மவர்களுக்குத் தனிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே அச்சிட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1%, யாக்னிக்கின் உடம்பில் 21.2%. பார்வைக்கு இருவருமே ஒல்லி. உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

இது கருவிலேயே தொடங்குகிறது. யாக்னிக்கின் குழு புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்கு அந்தக் குறைவில் பெரும்பங்கு தசையிலும் உள்ளுறுப்புகளிலும் விழுந்திருந்தது. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. உயரத்திலும் அந்த வித்தியாசம் தொடர்கிறது. 2020-ல் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, 19 வயது இந்திய இளைஞனின் சராசரி உயரம் 166.5 செ.மீ.; நெதர்லாந்து இளைஞனுக்கு 183.8 செ.மீ. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, அதே உடம்பு அதே மாதங்களில் வேண்டும் என்று நினைக்கும்போது இந்தப் பதினேழு சென்டிமீட்டரை நாம் மறந்துவிடுகிறோம்.

நமக்குத் தசை ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. சாப்பிட்ட சோற்றிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு கூடினால் நீரிழிவு சீக்கிரம் வந்து நிற்கும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான இன்னோர் ஆய்வில், கையின் பிடிவலு 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16% கூடியது. பொத்தேரிப் பையன் ஜிம்முக்குப் போவது கண்ணாடிக்காக என்று அவனே நினைத்துக்கொண்டிருக்கலாம். நாற்பது வயதில் அவனைக் காப்பாற்றப் போவதும் அந்தத் தசைதான்.

ஊசியின் கணக்கு

ஊசி வேலை செய்யாது என்று சொன்னால் பையன் நம்பமாட்டான். நம்பவும் கூடாது, ஏனென்றால் அது வேலை செய்கிறது. 1996-ல் ஷலேந்தர் பாசின் தலைமையிலான குழு 43 ஆண்களை வைத்து 10 வாரம் செய்த ஆய்வு இதை நிலைநாட்டியது. போலி ஊசியோடு பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பில்லா எடை சுமார் 2 கிலோ கூடியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல் கூடியது. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. உட்கார்ந்திருந்தவன் உழைத்தவனை முந்திவிட்டான். ஊசி போட்டவனைப் பக்கத்தில் நிறுத்தி, போடாதவன் தன் உழைப்பை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த ஆய்வு மருத்துவர்களின் கண்காணிப்பில், சில வாரங்கள் நடந்தது. ஜிம்மில் போடும் ஊசிக்கு அளவும் கிடையாது, கால வரம்பும் கிடையாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். சிலருக்கு மார்பு பெண்களுக்குப்போல் திரளும். நல்ல கொழுப்பு சரியும், இதயத்தின் சுவர் தடிக்கும், மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் கெடும். டென்மார்க்கில் உடற்பயிற்சிக் கூடங்களிலேயே ஊக்கமருந்துச் சோதனை உண்டு. அங்கே பிடிபட்ட 1,189 ஆண்களைச் சராசரியாக 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2024-ல் வெளியானது. மற்றவர்களைவிட அவர்கள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு இருந்தது. இளம் வயதினரைப் பற்றிய கணக்கு இது என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கே ஊக்கமருந்தோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது. மெஃபென்டெர்மின் என்பது அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் சரிந்தால் அதை உயர்த்த மருத்துவர் போடும் மருந்து. அதைப் பயிற்சிக்கு முன் ‘வேகம்’ வருவதற்காகக் குத்திக்கொள்ளும் பழக்கம் நாட்டின் பல ஊர் ஜிம்களில் பரவியிருக்கிறது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கும் இருபது வயதுக்காரனின் இதயத்தை அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. சென்னையிலேயே உடம்பு ஏற்ற ஊசி போட்ட இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. இரண்டு நாள் பரபரப்பாகப் பேசுகிறோம். மூன்றாம் நாள் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

ஊக்க ஹார்மோன்கள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. இவற்றை மருந்துச் சட்ட விதிகளின் ‘எச்’ அட்டவணை அப்படித்தான் வைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது. ஜிம்மின் உடைமாற்றும் அறைவரை அது வந்து சேரவில்லை.

திரையும் ரீல்ஸும்

2008-ல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது சூர்யாவின் வயிற்றுக் கட்டங்களைத் தமிழ்நாடே பேசியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘பொல்லாதவன்’ படத்தின் சண்டைக் காட்சியில் தனுஷ் சட்டையில்லாமல் நின்றார். மெலிந்த எலும்புக் கட்டு. அதற்குள் முறுக்கேறிய உடம்பு. அந்த இரண்டாவது உடம்பைப் பற்றி ஜிம்களில் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நம் பையன்களில் பலருக்குப் பொருந்தும் முன்மாதிரி அதுதான். புரூஸ் லீயின் உயரம் சுமார் 172 செ.மீ., எடை 64 கிலோவை ஒட்டித்தான். அரை நூற்றாண்டு கழித்தும் உலகம் அந்த உடம்பைச் சின்ன உடம்பு என்று சொல்லவில்லை.

இப்போது சினிமாவைவிடக் கைப்பேசிதான் பெரிய கண்ணாடி. சினிமாவில் ஒளியமைப்பு, ஒப்பனை, ஒரு நாள் படப்பிடிப்புக்காகப் பல மாதத் தயாரிப்பு என்று எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரியும். ரீல்ஸில் வருபவர் “நான் நேச்சுரல்” என்று நேராக நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். ‘லிவர் கிங்’ என்ற பெயரில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோரை ஈர்த்த அமெரிக்கர் பிரையன் ஜான்சன், பச்சை ஈரலும் பழங்கால வாழ்க்கைமுறையும்தான் தன் உடம்பின் ரகசியம் என்று சொல்லிவந்தார். 2022 டிசம்பரில், தான் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குள் எத்தனை பையன்கள் தங்கள் உடம்பை அவரோடு வைத்துப் பார்த்து வெட்கப்பட்டிருப்பார்கள்!

எவ்வளவு ஏறினாலும் போதவில்லை என்று தோன்றுவது ஒரு மனநோயாகவும் முற்றலாம். நல்ல கட்டுடல் இருந்தும் தான் சுள்ளியாக இருப்பதாகவே நம்பி, சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு, விருந்தையும் நண்பர்களையும் தவிர்த்து ஜிம்மே கதியாகக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இயற்கை எல்லையை அளந்த அதே ஹாரிசன் போப்தான் இந்த நோயையும் விரிவாக எழுதியவர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013-ல் இதைச் சேர்த்துக்கொண்டது. பிள்ளை உடம்பில் அக்கறையாக இருக்கிறான் என்று பெருமைப்படும் பெற்றோர் இந்த அறிகுறிகளையும் கவனிக்க வேண்டும்.

மெஸ் தட்டு

ஊசிக்கு அடுத்து பையன்கள் பணத்தைக் கொட்டுவது பவுடரில். புரதத் தூள் விஷம் அல்ல. பாலிலிருந்து பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரிலிருந்து வருவதுதான் அதில் பெரும்பாலானது. ஆனால் டப்பாவில் எழுதியிருப்பது டப்பாவுக்குள் இருக்க வேண்டுமே. இந்தியாவில் விற்கும் 36 புரதத் தூள்களைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சு இருந்தது. அதே ஆண்டு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதத் தூளைத் தேடிப் போக வேண்டாம் என்றே சொன்னது.

பயிற்சி செய்பவருக்கு எவ்வளவு புரதம் போதும் என்பதில் ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் எடுத்தால் தசைக்குக் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. 60 கிலோ பையனுக்கு 96 கிராம். இப்போது விடுதித் தட்டைப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி, சாம்பார். மதியம் சோறு, சாம்பார், கூட்டு, மோர். இரவில் மூன்று சப்பாத்தி, குருமா. எல்லாம் சேர்த்து 40 கிராமைச் சற்றுத் தாண்டும். பாதிக்கு மேல் பற்றாக்குறை. அதை நிரப்ப நாலு நாமக்கல் முட்டை (24 கிராம்), அரை லிட்டர் பால் (16 கிராம்), ஒரு கை நிறைய வறுத்த வேர்க்கடலை (50 கிராம் கடலையில் 12 கிராம்) போதும். முட்டை சாப்பிடாதவர்கள் 50 கிராம் சோயா உருண்டையை ஊறவைத்துக் குழம்பில் போட்டால் அதுவே 26 கிராம். கொண்டைக்கடலைச் சுண்டல், கொள்ளு, மொச்சை, மத்தி மீன் என்று நம் சமையலறையில் இல்லாததா?

கை ஏறாத பையன்களில் பலருக்குக் குறை எலும்பில் இல்லை, இந்தத் தட்டில் இருக்கிறது. காலை உணவைத் தவறவிட்டு வகுப்புக்கு ஓடுவது, இரவு இரண்டு மணிவரை கைப்பேசி பார்ப்பது, ஒரு மாதம் பயிற்சி செய்துவிட்டு தேர்வென்று ஒரு மாதம் விடுவது, வாரத்தில் ஐந்து நாள் கைக்கும் நெஞ்சுக்கும் மட்டும் செய்துவிட்டுக் காலைத் தொடாமல் இருப்பது. இவற்றையெல்லாம் சரி செய்யாமல் தன் உடல்வாகைப் பழிப்பவன், தன் எல்லை எங்கே இருக்கிறது என்று பார்த்தவனே அல்ல.

எல்லைக்குள் எவ்வளவு இடம்!

டெஸ்டோஸ்டிரோனை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்ததும் செயற்கையாக உருவாக்கியதும் 1935-ல். கட்டுடலுக்கு உலகப் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1925-ல், இறந்துவிட்டார். அவர் உடம்பில் ஊசிக்கு இடமே இல்லை. அந்த உடம்பு இந்தியாவரை வந்து நிகழ்ச்சிகள் நடத்தியது. அதன் புகழ் கோவைவரை எட்டி, பின்னாளில் திரைப்படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் பட்டமாக நின்றது.

வங்கத்தின் மனோகர் ஐச்சின் உயரம் நாலடி பதினோரு அங்குலம். ஆங்கிலேய ஆட்சியில் விமானப்படையில் இருந்தபோது, அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறைக்குப் போனவர். கருவி எதுவும் இல்லாத அந்தச் சிறையில் பயிற்சியைத் தீவிரமாக்கினார். 1952-ல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில், உயரம் குறைந்தவர்களின் பிரிவில் பட்டம் வென்றார். 2016-ல் நூறு வயதைக் கடந்து இறந்தார். தன் எலும்புக் கட்டுக்குள் எவ்வளவு நிரப்ப முடியுமோ அவ்வளவு நிரப்பியவர் அவர். ஆறடி உயரக்காரரோடு அவர் போட்டியிடவில்லை. போட்டியிட வேண்டிய தேவையும் இல்லை.

நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். 2014-ல் இரண்டு முறைகளிலும் சேர்த்து அவர் தூக்கியது 328 கிலோ. பளுதூக்குதலில் எடைப் பிரிவு வைத்திருப்பதே, ஒவ்வொரு உடம்பையும் அதற்கு இணையான உடம்போடு நிறுத்த வேண்டும் என்ற நியாயத்தால்தான். அந்த நியாயம் விளையாட்டு மேடையில் இருக்கிறது, ஜிம் கண்ணாடி முன்னால் இல்லை.

எல்லையைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சியின் முதல் வருடம்தான் தசை அதிகம் ஏறும் வருடம். பிறகு ஆண்டுதோறும் வேகம் குறையும். மூன்றாம் ஆண்டில் முதலாண்டின் கால்வாசி ஏறினாலே நல்ல பலன். இது உடம்பு எல்லையை நெருங்குவதன் அடையாளம், தோல்வி அல்ல. இந்த இடத்தில்தான் பலர் ஊசிக்குத் தாவுகிறார்கள். ஆனால் தசை அளவு நின்ற பிறகும் வலு பல ஆண்டுகள் கூடும். நரம்பும் தசையும் ஒத்திசையக் கற்றுக்கொண்டே இருக்கும். கண்ணாடியைவிடத் தூக்கும் எடையையும் எடுக்கும் தண்டால் கணக்கையும் நோட்டில் எழுதி வைப்பவனுக்கு ஊசியின் ஆசை எளிதில் வராது.

செய்ய வேண்டியவை

இதையெல்லாம் பையன்களின் பொறுப்பாக மட்டும் விட்டுவிட முடியாது. வீட்டை விட்டு முதல்முறை தனியாக வந்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை அவன்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் கடைகளோடு நின்றுவிடாமல் ஜிம்களுக்கும் அவற்றை ஒட்டிய பவுடர் கடைகளுக்கும் போக வேண்டும். ஊசி கைமாறும் இடம் அதுதான். ஜிம் நடத்த உரிமம் தரும்போது, தகுதி பெற்ற பயிற்சியாளர் இருப்பதும் ஊக்கமருந்து விற்கமாட்டோம் என்ற உறுதிமொழியும் நிபந்தனையாக வேண்டும். மீறினால் உரிமம் போக வேண்டும். ஆணழகன் போட்டி நடத்துபவர்கள் பரிசு பெற்றவர்களையாவது சோதிக்க வேண்டும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் கணக்கில், 2023-ல் இந்தியாவில் எடுத்த மாதிரிகளில் 3.8% பிடிபட்டன. சோதனைக்கு உட்பட்ட வீரர்களிடையேயே இந்த நிலை என்றால், சோதனையே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது எளிது. விடுதி மெஸ்ஸில் தினமும் முட்டையோ சுண்டலோ சோயாவோ கட்டாயம் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிச் சத்துணவில் முட்டை வைத்த மாநிலம் இது. கட்டணம் வாங்கும் விடுதிகளுக்கு அது முடியாத காரியமல்ல. முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும் அறிமுக வகுப்புகளில் ஒரு மணி நேரம் உடல்வாகு, புரதம், தூக்கம், ஊக்கமருந்து பற்றி ஒரு மருத்துவர் பேசட்டும். கல்லூரி ஜிம் சுவரில் நடிகர் படத்துக்குப் பதிலாக மணிக்கட்டுக் கணக்கை ஒட்டி வைக்கட்டும்.

பெற்றோரும் உறவினரும் ஒன்றை நிறுத்த வேண்டும். லீவுக்கு வீட்டுக்கு வரும் பையனைப் பார்த்ததும் “என்னடா, இப்படி எலும்பும் தோலுமா இருக்க?” என்று நாலு பேர் முன்னால் கேட்பது. அக்கறையில் கேட்பதுதான். ஆனால் அந்தக் கேள்வியோடு திரும்பும் பையனுக்குத்தான் மூன்று மாதத்தில் உடம்பு ஏற்றித் தருவதாகச் சொல்பவன் காத்திருக்கிறான்.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒன்று. உங்கள் எலும்புக் கட்டை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்காக வெட்கப்படவும் வேண்டாம், அதைச் சாக்காக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வாரம் மூன்று நான்கு நாள், முழு உடம்புக்கும் பயிற்சி. மெல்ல மெல்லக் கூடும் எடை. கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். ஏழெட்டு மணி நேரத் தூக்கம். இவற்றை நான்கு வருடம் விடாமல் செய்துவிட்டு உங்கள் எல்லையைப் பற்றிப் பேசுங்கள். அதுவரை அது உங்கள் பிரச்சினையே அல்ல. அதற்கு முன்னால் ஊசியோடு வருபவர் உங்கள் உடம்பை வளர்க்க வரவில்லை. உங்கள் பொறுமையின்மையைக் காசாக்க வருகிறார். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.